செவ்வாயில் திடீர் திடீரென ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டர்... பூமியிலிருந்தே நாடி பிடித்தது எப்படி? | சில்லு உலகம்

டி.வி-யின் செட்டாப் பாக்ஸ் உறைந்து நின்றால் என்ன செய்வோம்? ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவோம். பேட்டரியைக் கழற்றி மாட்டுவோம். கடைசியில் பிளக்கைப் பிடுங்கி, பத்து வரை எண்ணிவிட்டு மீண்டும் சொருகுவோம். பாக்ஸுக்கு உயிர் வந்துவிடும். ஏன் நின்றது, எது அதை நிறுத்தியது என்று யாரும் கேட்பதில்லை. சீரியல் ஓடுகிறது, அது போதும்.

இதே தொல்லை, பிளக்கைப் பிடுங்க ஆளே போக முடியாத இடத்தில் வந்தால்? அதுவும் சுமார் 19 கோடி கிலோமீட்டர் தூரத்தில் வந்தால்? 1997-ல் நாசாவுக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். ஒரு சாஃப்ட்வேர் தன் நேரத்தை எங்கே செலவழிக்கிறது என்று அளந்து பார்க்கும் வேலைக்கு ‘புரொஃபைலிங்’ என்று பெயர். டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பதைப் போன்ற வேலை. அந்த நாடி பிடிக்கும் வித்தைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

தாமதமான பதில், தப்பான பதில்!

கதைக்குள் போகும் முன் ஒரு சின்ன அறிமுகம். கம்ப்யூட்டர் என்றதும் நம் மனதில் வருவது லேப்டாப்பும் செல்போனும்தான். ஆனால், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி, மின்சார மீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, காரின் பிரேக் என எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் திரையோ கீபோர்டோ இருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும். இவற்றைத்தான் ‘எம்பெடட் சிஸ்டம்’ என்கிறார்கள்.

லேப்டாப்புக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. லேப்டாப்பில் ஒரு ஃபைல் திறக்க மூன்று நொடி கூடுதலாக ஆனால் நாம் எரிச்சல்படுவோம், அவ்வளவுதான். காரின் ஏர்பேகுக்குள் இருக்கும் சிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. மோதிய சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள், அதாவது நாம் கண் இமைக்கும் நேரத்துக்கும் முன்பே, அது முடிவெடுத்துப் பையை விரித்தாக வேண்டும். சரியான முடிவை ஒரு நொடி கழித்து எடுத்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. இந்த உலகத்தில் தாமதமாக வந்த சரியான பதிலும் தப்பான பதில்தான்.

அதனால் இங்கே ‘சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது’ என்ற கேள்வியை விட, ‘மிக மோசமான நாளில் எவ்வளவு நேரம் ஆகும்’ என்ற கேள்விதான் முக்கியம். ஆயிரம் தடவையில் 999 தடவை சீக்கிரமாக முடித்துவிட்டு, ஒரே ஒரு தடவை கோட்டைவிட்டால்கூட, அந்த ஒரு தடவைதான் கணக்கில் வரும்.

சுதந்திர தினத்தில் இறங்கிய விருந்தாளி

இப்போது செவ்வாய்க்குப் போவோம். 1996 டிசம்பரில் பூமியை விட்டுக் கிளம்பிய ‘மார்ஸ் பாத்ஃபைண்டர்’ விண்கலம், 1997 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் சுதந்திர தினத்தில் செவ்வாயில் இறங்கியது. இறங்கியது என்பதைவிட விழுந்து குதித்தது என்பதுதான் சரி. நாலாபுறமும் காற்றுப்பைகளைக் கட்டிக்கொண்டு, பந்து மாதிரி துள்ளித் துள்ளி நின்றது. அதன் வயிற்றுக்குள் இருந்து ‘சோஜர்னர்’ என்ற ஆறு சக்கர வண்டி இறங்கி உருண்டது. பத்தரை கிலோ எடைதான். செவ்வாயின் மண்ணில் உருண்டு வேலை பார்த்த முதல் வண்டி அதுதான்.

தாய்க்கலத்தின் மூளையாக இருந்த கம்ப்யூட்டரின் வேகம் 20 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹாபி போர்டுகள் இதைவிடப் பல மடங்கு வேகமானவை. ஆனால், விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்கும்படி செய்யப்பட்ட சிப் என்பதால் அதைத்தான் அனுப்பினார்கள். படம் எடுப்பது, பூமியோடு பேசுவது, வண்டியோடு பேசுவது, வானிலை அளப்பது என எல்லா வேலையும் அந்த ஒரே மூளையின் தலையில்தான்.

படங்கள் வரத் தொடங்கின. உலகமே கொண்டாடியது. ஆனால், வானிலைத் தகவல்களைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாள்களிலேயே ஒரு சிக்கல் முளைத்தது. தாய்க்கலத்தின் கம்ப்யூட்டர் திடீர் திடீரெனத் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. நல்லவேளையாக, அதுவரை சேகரித்த தகவல்கள் அழியவில்லை. ஆனால், அன்றைக்குச் செய்ய வேண்டிய மீதி வேலைகள் அப்படியே நின்றுவிடும். மறுநாள்தான் தொடர முடியும். தாய்க்கலத்துக்குத் திட்டமிடப்பட்ட ஆயுளே 30 நாள், வண்டிக்கு 7 நாள் என்ற நிலையில், ஒரு நாளை இழப்பது சாதாரண விஷயமா?

‘கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் ரொம்ப அதிகமான வேலைகளைச் செய்யப் பார்க்கிறது’ என்று அன்றைய செய்திகளில் வந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் சிப், மலைபோல் வேலை, மூச்சு முட்டியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த ஊகத்தை நம்பியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? வேலைகளைக் குறைத்திருப்பார்கள். படங்களைக் குறைத்து, வானிலை அளப்பதை நிறுத்தி, அரை வயிற்றுக் கஞ்சியோடு காலத்தை ஓட்டியிருப்பார்கள். உண்மையான காரணமோ கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

கலிஃபோர்னியாவின் பசடேனாவில் இருக்கும் நாசாவின் ஜே.பி.எல் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் ஊகிக்கவில்லை. அளந்தார்கள்.

கல்யாணச் சமையலறையில் ஒரு சாவி

அவர்கள் கண்டுபிடித்தது என்ன? டெக்னிக்கலாகச் சொன்னால் தலை சுற்றும். ஒரு கல்யாண மண்டபத்தின் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வேலை செய்ய ஒரே ஒரு மேடைதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். பெரியவர் வந்தால் சின்னவர் நகர்ந்து இடம் விட வேண்டும் என்பது சட்டம். ஸ்டோர் ரூமுக்கும் ஒரே சாவி. எடுத்தவர் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவர் திறக்க முடியும்.

தேங்காய் துருவும் பையன் சாவியை எடுத்துப்போய்த் தேங்காயை எடுத்துவந்து, மேடையில் நின்று துருவிக்கொண்டிருக்கிறான். இரண்டே நிமிடம், முடித்ததும் சாவியைக் கொடுத்துவிடுவான். அந்த நேரம் பார்த்து ஜாங்கிரி போடுகிறவர் வருகிறார். அவர் பையனுக்கு மூத்தவர். பையன் நகர்ந்து ஓரமாக நிற்கிறான். சாவி அவன் இடுப்பிலேயே இருக்கிறது. ஜாங்கிரிக்காரருக்கு ஸ்டோர் ரூமில் எந்த வேலையும் இல்லை. அதனால் சாவியைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. நிதானமாகப் பிழிந்துகொண்டே இருக்கிறார்.

இப்போது தலைமைச் சமையல்காரர் வருகிறார். சாம்பாருக்குப் பருப்பு எடுக்க வேண்டும். சாவி பையனிடம். பையனோ மேடை கிடைத்தால்தான் வேலையை முடிப்பான். மேடையிலோ ஜாங்கிரிக்காரர். ஆக, அந்த அறையிலேயே பெரியவரான தலைமைச் சமையல்காரர், தனக்குக் கீழே இருக்கும் ஜாங்கிரிக்காரர் முடிக்கும்வரை கைகட்டி நிற்க வேண்டியதாகிவிட்டது. யாரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவரும் சட்டப்படிதான் நடந்தார்கள். ஆனாலும் பந்திக்குச் சாம்பார் வரவில்லை.

மண்டபத்தின் சூப்பர்வைசர் கறாரானவர். குறித்த நேரத்தில் சாம்பார் தயாராகவில்லை என்றால் ‘ஏதோ பெரிய கோளாறு’ என்று முடிவு கட்டி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அடுப்பு பற்றவைப்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். அதுதான் ரீசெட்!

பாத்ஃபைண்டரில் தேங்காய்ப் பையன் இடத்தில் இருந்தது, வானிலைத் தகவலைச் சேகரிக்கும் சாதாரணமான வேலை. ஜாங்கிரிக்காரர் இடத்தில், பூமியோடு பேசுவது போன்ற நடுத்தர முக்கியத்துவம் கொண்ட வேலைகள். தலைமைச் சமையல்காரர் இடத்தில், கலத்தின் உறுப்புகளுக்கு இடையே தகவலைப் பகிர்ந்து கொடுக்கும் மிக முக்கியமான வேலை. அது நொடிக்கு எட்டு முறை, அதாவது ஒவ்வொரு முறையும் 0.125 நொடிக்குள் முடிந்தாக வேண்டும். முடியவில்லை என்று தெரிந்த கணமே, அடுத்த சுற்றைத் தொடங்கும் சூப்பர்வைசர் வேலை ரீசெட் கொடுத்துவிடும். முன்னுரிமை தலைகீழாகிப்போகும் இந்த நிலைக்கு ‘பிரையாரிட்டி இன்வெர்ஷன்’ என்று பெயர்.

கம்ப்யூட்டர் மெதுவாக இருந்ததல்ல விஷயம். அது காத்துக்கொண்டிருந்தது. மெதுவாக இருப்பதும் காத்திருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

எட்டிப் பார்த்தால் போதுமா, டைரி வேண்டுமா?

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சாஃப்ட்வேரின் நேரத்தை அளக்கப் பல வழிகள் உண்டு. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதல் வழி, எட்டிப் பார்ப்பது. ஆபீஸ் மேனேஜர் நேரங்காலம் இல்லாமல் வந்து, ‘இந்த நொடி யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்று குறித்துக்கொண்டு போவதைப் போல. ஆயிரம் முறை எட்டிப் பார்த்ததில் 600 முறை ஒரே ஆள் மேடையில் இருந்தால், நேரத்தில் 60 சதவிகிதத்தை அந்த ஆள் எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். இதற்குச் செலவு குறைவு. நேரத்தை விழுங்கும் இடத்தைச் சட்டென்று காட்டிவிடும். கம்ப்யூட்டர் மேதை டொனால்டு குனூத், 1971-ல் வெளியான தன் ஆய்வில், ஒரு புரோகிராமின் 4 சதவிகிதத்துக்கும் குறைவான பகுதிதான் பொதுவாகப் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். அந்த 4 சதவிகிதம் எங்கே என்று தெரியாமல் மீதியை மெருகேற்றுவது வீண் வேலை.

இரண்டாவது வழி, ஒவ்வொரு வேலையின் வாசலிலும் ஸ்டாப்வாட்ச் வைப்பது. உள்ளே நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளலாம். துல்லியமாக இருக்கும். ஆனால், ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதற்கே நேரம் பிடிக்கும். சின்ன சின்ன வேலைகள் லட்சக்கணக்கில் நடந்தால், அளப்பதே பெரிய சுமையாகிவிடும்.

மூன்றாவது, டைரி எழுதுவது. இதை ‘டிரேஸ்’ என்பார்கள். இந்த நொடியில் யார் மேடைக்கு வந்தார், யார் நகர்ந்தார், சாவி யார் கைக்குப் போனது, யார் சாவிக்காகக் காத்திருக்கிறார் என்று ஒன்றுவிடாமல் நேரத்தோடு எழுதிவைப்பது.

பாத்ஃபைண்டர் சிக்கலுக்கு முதல் வழி கை கொடுத்திருக்காது. எட்டிப் பார்க்கும்போது மேடையில் நிற்பவர்தான் தெரிவார். ஓரமாகக் கைகட்டிக் காத்திருப்பவர் தெரியமாட்டார். அதோடு, இந்தச் சிக்கல் எப்போதாவதுதான் வரும். அந்த நேரத்தில் யார் எட்டிப் பார்ப்பது? டைரிதான் வேண்டும்.

அந்த டைரி எழுதும் வசதி பாத்ஃபைண்டரின் சாஃப்ட்வேருக்குள்ளேயே இருந்தது. சோதனைக்கூடத்தில் பயன்படுத்திவிட்டு, மறதியாக உள்ளேயே விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தெரிந்தேதான் விட்டிருந்தார்கள் என்பதை அந்த சாஃப்ட்வேர் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் பின்னர் விளக்கமாக எழுதினார். பறக்கப்போவது எதுவோ அதையே சோதிக்க வேண்டும், சோதித்தது எதுவோ அதையே பறக்கவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ‘ஃபைனல் வெர்ஷன்தானே, அளக்கும் கோடு எல்லாம் எதற்கு, தூக்கிவிடலாம்’ என்று தூக்கினால், சோதித்த சாஃப்ட்வேர் ஒன்றாகவும் செவ்வாய்க்குப் போன சாஃப்ட்வேர் வேறொன்றாகவும் ஆகிவிடும்.

செவ்வாயில் இருந்த கலத்தில் அந்த டைரியை ஓடவிட முடியாது. அது உருவாக்கும் தகவல் அத்தனையையும் பூமிக்கு அனுப்ப வழியில்லை. அதனால், ஆய்வுக்கூடத்தில் இருந்த அதேபோன்ற இன்னொரு கம்ப்யூட்டரில், அதே சாஃப்ட்வேரை, அதே வேலைகளோடு, டைரியைத் திறந்துவைத்து ஓடவிட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் இங்கேயும் அதே ரீசெட் வந்தது. டைரியைப் புரட்டினால், யார் இடுப்பில் சாவி, யார் மேடையில், யார் காத்திருக்கிறார் எல்லாம் வரிசையாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ரீசெட் கலம் கிளம்புவதற்கு முன்பே எப்போதாவது தலைகாட்டியிருக்கிறது. ஆனால், தேடிப் போனபோது திரும்ப வரவில்லை. தரையிறங்கும் சாஃப்ட்வேர் சரியாக இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லோரின் கவனமும் இருந்தது. அது தவறினால் மொத்தத் திட்டமும் போய்விடும் அல்லவா? அதோடு, செவ்வாயிலிருந்து தகவல் அனுப்பும் வேகம் அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தது. அதனால் வேலையும் கூடியது. நல்ல செய்தியே சிக்கலைக் கிளறிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பங்கு

தீர்வு என்ன? சமையலறைக்கு ஒரே ஒரு சட்டம் கூடுதலாக வேண்டும். ‘பெரியவர் ஒருவர் காத்திருக்கும் சாவி யாரிடம் இருக்கிறதோ, அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவருக்கும் அந்தப் பெரியவரின் மரியாதைதான்.’ இப்போது தேங்காய்ப் பையனை ஜாங்கிரிக்காரர் நகர்த்த முடியாது. பையன் இரண்டு நிமிடத்தில் முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பழையபடி பையனாகிவிடுவான். சாம்பார் நேரத்துக்கு வந்துவிடும்.

இந்தச் சட்டத்துக்கு ‘பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்’ என்று பெயர். பாத்ஃபைண்டரில் ஓடிய ‘விஎக்ஸ்வொர்க்ஸ்’ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இது ஏற்கெனவே இருந்தது. குறிப்பிட்ட அந்தச் சாவிக்கு மட்டும் அந்த ஸ்விட்ச் அணைந்திருந்தது. அதைப் போட்டால் வேறெங்காவது கெடுதல் வருமா, வேகம் குறையுமா என்று பூமியில் சோதித்துவிட்டு, ஒரு சின்ன மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பயணம் செய்து அது போய்ச் சேர்ந்தது. அத்தோடு ரீசெட் தொல்லை தீர்ந்தது.

இந்தத் தீர்வை விளக்கி 1990-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் மூன்று பேர். லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் ராஜ்குமார், 1984-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு அமெரிக்கா போனவர். பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தானாக ஓடும் கார் ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றார்.

1997 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில், விஎக்ஸ்வொர்க்ஸை உருவாக்கிய நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்தச் செவ்வாய்க் கதையைச் சொன்னார். எப்போதோ கேட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைதான் உண்மையான ஹீரோ என்றும், எழுதியவர்களின் பெயர் நினைவில்லை, மன்னிக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டார். அந்த மூன்று பேருமே அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள்! உரை முடிந்ததும் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி கௌரவித்தார்கள்.

அளப்பதற்கும் ஒரு விலை உண்டு

இவ்வளவும் படித்துவிட்டு, ‘அப்படியென்றால் எல்லாக் கருவிகளும் எல்லா நேரமும் டைரி எழுதட்டுமே’ என்று தோன்றலாம். அங்கேதான் இன்னொரு பாடம் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம், அமெரிக்காவில் 1,34,951 கார்களைத் திரும்ப அழைக்கச் சம்மதித்தது. அந்த நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் இது நடந்தது. பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரையை இயக்கும் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி மெமரி சிப் ஒன்று இருந்தது. இந்த வகை சிப்பில் எழுதி அழிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சிலேட்டு மாதிரி காலத்துக்கும் எழுதி அழிக்க முடியாது, சில ஆயிரம் முறையில் தேய்ந்துவிடும். சாதாரணமாக ஓட்டினாலே ஐந்தாறு ஆண்டுகளில் அந்த எல்லை வந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். தேய்ந்தால் திரை போகும். திரையோடு ரிவர்ஸ் கேமராவும், கண்ணாடியில் படியும் பனியை அகற்றும் கட்டுப்பாடும் போகும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது? கார் ஓயாமல் தன்னைப் பற்றிய பதிவுகளை அந்தச் சிப்பிலேயே எழுதிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று, பழுதான கார்களைப் பிரித்துப் பார்த்த ரிப்பேர் நிபுணர்கள் சிலர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சொல்லிவந்தார்கள். பாத்ஃபைண்டரைக் காப்பாற்றியதும் டைரிதான், இந்தச் சிப்பைத் தேய்த்ததும் டைரிதான்.

எனவே, அளக்கும் வசதி கருவிக்குள் இருந்தால் மட்டும் போதாது. அது எவ்வளவு நேரம் தின்கிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது, எதைத் தேய்க்கிறது என்பதையும் அளந்திருக்க வேண்டும். வேண்டாத நேரத்தில் அணைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பல கருவிகளில் இதற்கு எளிய உபாயம் ஒன்று வைத்திருப்பார்கள். டைரிக்குக் குறிப்பிட்ட பக்கங்கள்தான், அதுவும் சட்டென்று தேயாத தற்காலிக மெமரியில். கடைசிப் பக்கம் நிரம்பினால் மறுபடி முதல் பக்கத்தின் மேலேயே எழுதும். ஏதாவது கோளாறு வந்தால் எழுதுவதை நிறுத்திவிடும். கோளாறுக்கு முந்தைய சில நொடிகள் மட்டும் பத்திரமாக இருக்கும். அதுதானே வேண்டும்?

நம் செல்போனிலும் ‘யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். போன் தன்னைப் பற்றி எழுதும் டைரியை நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கும் இடம் அது. அனுப்பினால் கோளாறுகள் சரியாகும் என்பதும் உண்மை. அந்த டைரியில் நம் பழக்கவழக்கங்களும் ஓரளவு இருக்கும் என்பதும் உண்மை. செட்டிங்ஸில் போய் ஒருமுறை பார்த்துவிட்டு, போடுவதா அணைப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு...

உங்கள் வீட்டில் இன்ஜினீயரிங்கோ பாலிடெக்னிக்கோ படிக்கும் பிள்ளைகள் இருந்தால், ‘ஆர்டுயினோ’ என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, கோடு பார்த்து ஓடும் ரோபோ என்று பாதி புராஜெக்ட்டுகள் அதில்தான் ஓடுகின்றன. ‘ரோபோ வளைவில் தடுமாறுகிறது, சிப் ஸ்லோ, பெரிய போர்டு வாங்க வேண்டும்’ என்று பிள்ளை காசு கேட்டால், கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். ‘எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தாயா?’

அளப்பதற்காகப் பலர் செய்வது, ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு தகவலைக் கம்ப்யூட்டர் திரைக்கு அனுப்பிப் பார்ப்பது. அதுவே சில நேரம் வில்லன். 9600 என்ற வேகத்தில் ஓர் எழுத்து வெளியே போக சுமார் ஒரு மில்லிசெகண்ட் ஆகும். 20 எழுத்துள்ள ஒரு வரி போய்ச் சேர சுமார் 21 மில்லிசெகண்ட். ரோபோ வளைவைப் பார்த்துத் திரும்ப வேண்டிய நேரம் முழுக்கப் பேச்சிலேயே போய்விடலாம்.

இதைவிடச் சிக்கனமான பழைய வழி ஒன்று உண்டு. வேலை தொடங்கும்போது சும்மா இருக்கும் ஒரு பின்னை ஆன் செய்யுங்கள், முடியும்போது ஆஃப் செய்யுங்கள். சாதாரண ஆர்டுயினோவில் இதற்குச் சில மைக்ரோசெகண்ட்தான் ஆகும். கல்லூரி லேபில் இருக்கும் ஆசிலாஸ்கோப்பை அந்தப் பின்னில் மாட்டினால், வேலை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது திரையில் கோடாகத் தெரியும். கோட்டின் நீளம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா, திடீரென்று ஒருமுறை மட்டும் நீள்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். அந்த ஒருமுறைதான் ரோபோ தடுமாறும் முறையாக இருக்கக்கூடும். வைவாவில் இதைப் படமாகக் காட்டினால் மதிப்பெண்ணும் கூடும்!

பாத்ஃபைண்டர் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? 30 நாளுக்குத் திட்டமிட்ட தாய்க்கலம் செப்டம்பர் 27 வரை, ஏறக்குறைய மூன்று மாதம் பேசிக்கொண்டிருந்தது. 7 நாளுக்குத் திட்டமிட்ட சோஜர்னர் 83 செவ்வாய் நாள்கள் உழைத்தது. சுமார் 17,000 படங்கள் பூமிக்கு வந்தன. வேலைகளைக் குறைத்துச் சமாளித்திருந்தால் அதில் எத்தனை வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம்: நாம் போட்ட துணி எத்தனை கிலோ என்று தராசே இல்லாமல் வாஷிங் மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது?